தோளில் இரண்டு தட்டு

நான் படித்த பள்ளியின் பாட்டுக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. பயிற்சியின்போது டீச்சர் வரிசைகளுக்குப் பின்னால் மெதுவாக நடந்து வருவார். நாங்கள் நிறுத்தாமல் பாடிக்கொண்டிருக்க வேண்டும். அவர் ஒவ்வொரு பிள்ளையின் வாய்க்குப் பக்கத்திலும் குனிந்து காது கொடுப்பார். சுருதி சேராத குரல் என்றால், அந்தப் பிள்ளையின் தோளில் விரல் நுனியால் இரண்டு தட்டு. வலிக்காது. ஆனால் அதன் பிறகு அந்தப் பிள்ளை வாயை மட்டும் அசைக்க வேண்டும், சத்தம் வரக் கூடாது. குழுவிலிருந்து நீக்கவும் மாட்டார், மேடை நிறையப் பிள்ளைகள் நின்றால்தான் பார்க்க நன்றாக இருக்கும். தட்டு வாங்கியவர்களை மற்ற பிள்ளைகள் மீன் என்று கூப்பிட்டார்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை மீன். மூன்றாவது வரிசை, வலது ஓரம்.

அந்த டீச்சர் இப்போது என் மாமியார். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலைக்கு வந்தவள் நான். அதே பள்ளி, அதே அறை, அதே ஆர்மோனியம். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு வேண்டியது ஒன்றுதான்: ஊர் கூடியிருக்கும் இடத்தில், ஒரே ஒரு முறை, அவருடைய குரலை நான் நிறுத்த வேண்டும்.

சின்ன விஷயத்துக்கு இவ்வளவு கோபமா என்று கேட்கலாம். அதற்கு என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா வெள்ளறடையில் ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போனவர். விடியுமுன் போய் வெட்டி, பால் எடுத்து, அதை ஷீட்டாக அடித்துவிட்டு மத்தியானம்தான் வருவார். நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஆண்டு விழாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து இரண்டாவது வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். நான் மேடையில் வாயை அசைத்தேன். திரும்பிப் போகும் பஸ்ஸில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அத்தனை பிள்ளையளுக்க சத்தத்துக்கும் நடுவுல உனக்க சத்தம் எனக்குத் தனியா கேட்டு மக்கா. நல்ல மணி மாதிரி."

கண்டக்டரிடம் சொன்னார். டீக்கடையில் சொன்னார். வீட்டுக்கு யார் வந்தாலும் சொன்னார். "இவளுக்க பாட்டு வேற ஆக்கும்," என்பார். நான் பக்கத்தில் நின்று தலையை ஆட்டுவேன். நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அப்பா இறந்துபோனார். அதுவரை அவர் அதை நம்பினார். அவரை ஏமாற்றியது நான்தான். அப்படி ஏமாற்ற வேண்டிய இடத்தில் என்னை நிறுத்தியது யார் என்பதும் எனக்குத் தெரியும்.

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, திருவனந்தபுரத்தில் ஒலிக்கருவிகள் பழுது பார்க்கும் இடத்தில் மூன்று வருஷம் வேலை செய்தேன். ஒருநாள் சரிசெய்த மைக் ஒன்றைச் சோதிக்க, சுருதி காட்டும் கருவியோடு இணைத்து, யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பள்ளிப் பிரார்த்தனைப் பாட்டைப் பாடினேன். முள் ஒவ்வொரு ஸ்வரத்திலும் அரை ஸ்வரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கீழே நின்றது. மேலே போனாலும் கீழே வந்தாலும் அதே அளவு குறைவு. இருபது தடவை பாடிப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். ஒரு கருவி இப்படிக் காட்டினால் அதை யாரும் தூக்கி எறிவதில்லை. திருகை ஒரு கால் சுற்றுத் திருப்புவார்கள், அவ்வளவுதான். சாயங்கால வகுப்பில் சேர்ந்து மூன்றே மாதத்தில் என் குரல் சரியானது. யாராவது பத்து வயதில் "கொஞ்சம் தூக்கிப் படி" என்று சொல்லியிருந்தால் போதும். அன்றைக்குத்தான் என் வருத்தம் கோபமாக மாறியது. பாட்டை விடாமல் படித்து, தேர்வெழுதி, ஆசிரியையானேன்.

பெண் பார்க்க வந்தபோது மாமியாருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. காப்பியை ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கேட்டார்: "எனக்க எடத்துக்கு வந்திருக்க பாட்டு டீச்சர் நீயாமே மக்கா? ரெண்டு வரி படி, கேக்கட்டு."

படித்தேன். அவர் பழக்கம் மாறாமல் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்.

"கொள்ளாம். சுருதி சுத்தமா உண்டு. எந்த டீச்சருக்கிட்ட படிச்ச?"

"டவுனில ஒரு டீச்சர்," என்றேன்.

அன்றைக்கு என் நோட்டுப் புத்தகத்தில் சம்மதம் சொல்வதற்கான காரணங்களை எழுதினேன். ஒன்று, பையன் தேவைக்கு மேல் பேசவில்லை. இரண்டு, அவர்கள் ஊரான பெருங்கடவிளையிலிருந்து பள்ளிக்கு ஒரே பஸ். மூன்று என்று எண் போட்டுவிட்டு எதிரில் ஒன்றும் எழுதவில்லை.

வீட்டில் அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தருவார். சேலை எடுத்தால் எனக்கும் சேர்த்துத்தான் எடுப்பார். ஆனால் பாட்டு என்று வந்தால் என்னை விடமாட்டார். காலையில் புட்டும் பயறும் சாப்பிடும்போதே தொடங்கும்.

"இப்ப பிள்ளையள எத்தன கட்டைச் சுருதியில படிக்க வைக்க?"

"அஞ்சரை மாமி."

"அதாக்கும் கீச்சு கீச்சுன்னு கேக்குது. எனக்க காலத்துல அஞ்சு. உபஜில்லாப் போட்டியில வருஷா வருஷம் ஏ கிரேடு. இப்ப என்ன கிரேடு?"

அவருக்குத் தெரியும். பி கிரேடு.

என் குழுவில் மீன்கள் கிடையாது. சேர்ந்த எல்லோரும் பாடுவார்கள். முதல் வாரமே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, குரல் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது, எவ்வளவு கீழே போகிறது என்று குறிப்பேன். கீழே போகும் பிள்ளையை உறுதியாகப் பாடும் இரண்டு பேருக்கு நடுவில் நிறுத்துவேன். சில பிள்ளைகள் ஒரு மாதத்தில் சரியாகிவிடுவார்கள், சிலருக்கு ஒரு வருஷம் ஆகும். அந்த வருஷம் போட்டி வந்தால் பி கிரேடுதான். தலைமையாசிரியர் கூப்பிட்டு, "டீச்சரே, ரெண்டு பிள்ளையள மாத்திக்கூடே?" என்று கேட்டார். முடியாது என்றேன். என் பதிலை மாமியாரிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவர் என் கணவரிடம், எனக்குக் கேட்கும்படி சொன்னார்: "உனக்க பெண்டாட்டி பாட்டு கிளாஸ் நடத்தல்ல, தர்மம் பண்ணுகா."

கணவர் தாலுக்கா ஆபீஸில் சர்வேயர். இரு பக்கமும் எல்லைக்கல் போடுவது அவர் தொழில் என்பதாலோ என்னவோ, நடுவில் நிற்கத் தெரியும். "அம்மைக்கு வயசாச்சு, விடு," என்பார் என்னிடம். அம்மாவிடம் என்ன சொல்வார் என்று தெரியாது.

போன வருஷம் பள்ளி ஆண்டு விழாவுக்கு, மாமியார் பிள்ளைகளோடு நின்று பிரார்த்தனைப் பாட்டைப் பாட வேண்டும் என்று பெற்றோர் சங்கம் கேட்டுக்கொண்டது. அவர் மறுநாளே பயிற்சிக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். பாட்டு தொடங்கியதும் அவர் முன்னால் நிற்கவில்லை. கால்கள் தாமாகவே வரிசைகளுக்குப் பின்னால் போயின. நான் ஆர்மோனியத்தில் கை வைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வரிசை, இரண்டாவது வரிசை. மூன்றாவது வரிசையில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி. உதியன்குளங்கரையில் ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள். அவள் வாய்க்குப் பக்கத்தில் மாமியார் குனிந்தார். நிமிர்ந்தார். இரண்டு தட்டு.

அவளுக்கு அதன் பொருள் தெரியாது. பாடிக்கொண்டே இருந்தாள். பயிற்சி முடிந்ததும் ஓடிவந்தாள்.

"டீச்சரே, அந்த டீச்சர் எனக்க தோளுல ரெண்டு தட்டு தட்டினாவ. நல்லா படிக்கேன்னுதானே?"

"ஆமா," என்றேன். "இன்னும் சத்தமாப் படி. அப்பாவையும் விழாவுக்குக் கூட்டிட்டு வா."

வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்தேன். இரண்டு வழிகள் இருந்தன. சுருதியை ஆறு கட்டைக்கு உயர்த்தினால் மாமியாரின் குரல் உச்சியில் உடையும், ஊர் கேட்கும். ஆனால் குரல் உடைந்தால் ஜனங்களுக்குப் பரிதாபம் வரும். வயதானவர் என்பார்கள், கை தட்டுவார்கள். எனக்கு யாரும் பரிதாபப்படவில்லை. எனக்குக் கிடைத்தது சத்தமில்லாமல் வாயை அசைப்பது. அதே அளவில் அதையே திருப்பிக் கொடுப்பதுதான் சரி என்று தோன்றியது. முதல் வழியை அடித்துவிட்டேன்.

விழா நாளில் மைக் செட்காரரிடம் மிக்ஸரை ஆர்மோனியத்துக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னேன். அவருடைய ஆம்ப்ளிபயரை நான் இரண்டு தடவை சரிசெய்து கொடுத்திருக்கிறேன், அதனால் மறுப்பு சொல்லவில்லை. மாமியாருக்கு முன்னால் நான்காவது மைக். மேடையைப் பார்த்து ஒரு சின்ன ஸ்பீக்கர், பாடுகிறவர்கள் தங்கள் குரலைக் கேட்டுக்கொள்ள. ஊரைப் பார்த்து இரண்டு பெரிய பெட்டிகள்.

மாமியார் பட்டுச் சேலையில், கையை நெஞ்சில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். முதல் வரியை விட்டுவிட்டேன். ஊர் கேட்டது. பழைய மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இரண்டாவது வரியில், இடது கையால் துருத்தியை அசைத்துக்கொண்டே, வலது கையை ஒரு நொடி கட்டையிலிருந்து எடுத்து, நான்காவது மைக்கைப் பெரிய பெட்டிகளுக்குப் போகாமல் இறக்கினேன். சின்ன ஸ்பீக்கரில் அப்படியே விட்டேன். அவர் காதுக்கு அவர் குரல் முழுதாகக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்கவில்லை. மூன்றாவது வரிசைக்கு மேலே தொங்கிய மைக்கைக் கொஞ்சம் ஏற்றினேன்.

மைக் செட்காரர் கவனித்துவிட்டார். குனிந்து என் காதில், "சேச்சி, நாலாமத்த மைக்கு தாழ்ந்து கிடக்குது கேட்டோ," என்று கை நீட்டினார்.

"இரிக்கட்டு," என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டார்.

மாமியாரின் வாய் திறந்தது, மூடியது, திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஆட்டோக்காரரின் மகள் கொஞ்சம் கீழே போனாள், பிறகு எட்டிப் பிடித்தாள், மறுபடியும் கீழே போனாள். ஊர் முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் காக்கிச் சட்டையோடு ஒருவர் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பஸ்ஸிலோ டீக்கடையிலோ என்ன சொன்னாலும் அது உண்மையாக இருக்கும். எனக்கு அப்போது கிடைத்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. கல்யாண நாளில்கூட அப்படி ஒரு சந்தோஷம் இல்லை.

மறுநாள் காலை அடுக்களையில் மாமியார் போனில் விழா வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒலியைக் கூட்டினார். மறுபடி முதலிலிருந்து வைத்தார்.

"எனக்க சத்தம் கேக்கல்லியே."

"மைக்கு கேடாயிருக்கும் அம்மா," என்றார் கணவர்.

"மைக்குக்கு ஒரு கேடும் இல்ல," என்றேன். "நான்தான் சத்தத்தத் தாழ்த்தினேன்."

கணவர் புட்டுக் குழலைக் கீழே வைத்தார். மாமியார் என்னைப் பார்த்தார். "என்னத்துக்கு?"

"ரெண்டு தட்டு, மாமி. மூணாவது வரிசை, வலது ஓரம். அஞ்சாம் கிளாஸ் முதல் பத்தாம் கிளாஸ் வரை."

அவர் திடுக்கிடுவார், அல்லது அழுவார் என்று நினைத்திருந்தேன். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"நீயா? ஓர்மை இல்லியே மக்கா. எத்தனையோ பேரத் தட்டியிருக்கேன்." பிறகு, மெய்யாகவே புரியாமல் கேட்டார்: "அதுனால என்ன? பாட்டு நல்லா இருந்துதுல்லா? ஆருக்கும் தெரியல்லல்லா?"

அத்தனை வருஷம் நான் சுமந்தது அவருக்கு ஒரு பிள்ளையின் முகமாகக்கூட இல்லை. பஸ்ஸில் அப்பா சொன்னதைச் சொன்னேன். கண்டக்டரை, டீக்கடையை, நான் தலையாட்டியதை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. கடைசியில், "நேத்து மேடையில நீங்க படிச்சதும் நல்லாத்தான் இருந்துது மாமி. ஆருக்கும் தெரியல்ல," என்றேன்.

அவர் போனை அணைத்து மேசையில் கவிழ்த்து வைத்தார். எழுந்து போனார். நான் பஸ் பிடித்துப் பள்ளிக்குப் போய் ஐந்தரைக் கட்டையில் பயிற்சி நடத்தினேன்.

மாமியார் பிறகு பயிற்சிக்கு வரவில்லை. கிரேடு பற்றிக் கேட்பதும் நின்றுவிட்டது. காய்ச்சலுக்குக் கஞ்சி மட்டும் இன்னும் வைத்துத் தருகிறார். முன்பெல்லாம் காலையில் பூஜை அறையில் அவர் பாடுவது அடுத்த வீடு வரை கேட்கும். இப்போது விளக்கு ஏற்றி, சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, வாயை மட்டும் அசைக்கிறார். சத்தம் வருவதில்லை.

தினமும் அந்த நேரத்தில் காப்பி டம்ளரை அவர் பக்கத்தில் வைப்பது நான்தான். குனியும்போது அவர் தோள் என் கைக்கு எட்டும். "சத்தமாப் படிங்க மாமி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாடிவிடுவார். கணவரும் அதைத்தான் கேட்கிறார், வாய் திறக்காமல்.

ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஆறு வருஷம். இப்போது ஏழு மாதம் ஆகிறது. டம்ளரை வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.