பத்தடி தூரத்திலிருந்து ஒரு குரல்

அலோன் அரிசி ஆலையில் நெல் மூட்டைகளைக் குத்தூசியால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடைக்கார முனியாண்டி வாசலிலிருந்து ஓடி வந்தார். யாராவது என்னை நோக்கி ஓடி வந்தால் என் வலக்கை தானாகக் கோட்டுப் பைக்குப் போய்விடும், அன்றும் போனது. முனியாண்டி பத்தடி தள்ளியே நின்று, தொண்டை கிழியக் கத்தினார்.

"காசிம் ராவுத்தர் மவுத்தாயிட்டாராம்! மூணு நாள் காய்ச்சலாம்!"

அன்று இயந்திரம் ஓடவில்லை. கத்த வேண்டிய தேவையே இல்லை. சாவுச் செய்தியைக்கூட இந்த ரங்கூனில் மெதுவாகச் சொல்ல மாட்டார்களா என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. துக்கம் அதன் பிறகே வந்தது.

மொகல் தெரு நண்பர்களே, துப்பாக்கிக் கடை ராவுத்தரைப் பற்றி அடக்கத்தன்று நீங்கள் எல்லோரும் பேசினீர்கள். நான் பின்னால் நின்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். நான் சொல்ல வேண்டியது நின்றுகொண்டு சொல்லக்கூடியது அல்ல. எழுதவும் கை ஓடவில்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டாயிற்று, இது நாலாவது.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில், சிரியம் படகுத்துறைக்குத் திரும்பும் வழியில் இரண்டு பேர் என்னை மறித்தார்கள். பின்னால் வந்தவன் தோளில் வெட்டினான். பையும் கடிகாரமும் போயின. காயம் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. நான் ஆறவில்லை. கதவுக்கு முதுகு காட்டி உட்கார முடியாது. மனைவி பின்னால் வந்து நின்றால்கூடத் துள்ளி எழுந்து அவளைத் திட்டுவேன். ஆலை மேலாளர் சிபாரிசு செய்ய, ரிவால்வருக்கு லைசென்ஸ் கிடைத்தது. ராவுத்தர் வேலை பார்த்த துப்பாக்கிக் கடைக்குப் போனேன்.

அவர் கண்ணாடி மேசைமேல் இரண்டை எடுத்து வைத்தார். இரண்டும் கோட்டுப் பைக்குள் அடங்கும் சின்ன ரிவால்வர்கள். ஒன்றில் ஆறு தோட்டா. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கியைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்திவிட்டால், விசையில் விரல் பட்டாலே வெடிக்கும். மற்றதில் ஐந்தே தோட்டா. கொக்கி வெளியே கிடையாது. கூழாங்கல் போல வழவழவென்று இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் விசையை முழுக்க, பலமாக இழுத்தாக வேண்டும்.

தோட்டா இல்லாமல் ஒவ்வொன்றாக என் பையில் போட்டு அவர் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. குடையை விரிக்கச் சொன்னார். தரையில் சம்மணமிட்டு உட்காரச் சொன்னார். ஒரு மரப்பெட்டியைச் சம்பான் படகு என்று வைத்துக்கொண்டு ஏறி இறங்கச் சொன்னார். "தினம் செய்யறதை எல்லாம் செய்யுங்க மாப்ளே. சுடறது ஒரு நாளோ, இல்லவே இல்லையோ. சுமக்கிறது தினம்." ஆறு தோட்டாக்காரனை அவசரமாக உருவியபோது கொக்கி பையின் உள்துணியில் மாட்டிக் கிழித்தது. ஐந்து தோட்டாக்காரன் சொன்னபடி வெளியே வந்தான். ஆனாலும் எனக்கு லேசான விசைதான் வேண்டியிருந்தது.

"இது என்ன ராவுத்தரே, கெணத்துல தண்ணி எறைக்கிறாப்ல இருக்கு?"

"உங்க கை நடுங்குது மாப்ளே. நடுங்குற கைக்கு லேசு ஆகாது. அது இழுபடுற நேரத்துல கண்ணுக்கும் கொஞ்சம் வேலை குடுங்க."

வியாபாரி பேசுகிற பேச்சா இது? அவர் எல்லோரிடமும் அப்படித்தான். முத்துச் சிப்பிப் பிடி போட்டதைக் கேட்ட ஒரு பெரிய மனிதரிடம், "மாப்பிள்ளை அழைப்புக்கா?" என்று முகம் மாறாமல் கேட்டு முதலாளியிடம் திட்டு வாங்கியவர். எனக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஐந்து தோட்டாக்காரனை வாங்கி வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து, விசையை இளக்கித் தரச் சொல்லிச் சண்டை போடவே கடைக்குப் போனேன். முடியாது என்றார். வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு வெளியேறினேன். மாலை மழை அடித்துக்கொண்டிருந்தது. கோபத்தில் நனைவதுகூட உறைக்கவில்லை. தெரு முனையைத் தாண்டியபோது பின்னால் ஓடிவரும் காலடி கேட்டது. ஒரு கை என் தோளில் விழுந்தது, வெட்டுப்பட்ட அதே தோளில்.

திரும்பியபோது ரிவால்வர் என் கையில் இருந்தது. நான் விசையை இழுத்துக்கொண்டிருந்தேன். மிரட்டுவதற்காக அல்ல, கொல்வதற்காகவே இழுத்தேன். இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. விசை பாதி வந்திருக்கும். அந்தப் பாதியில் முதலில் மடித்த ஒரு குடை தெரிந்தது. அது என் குடை. அதற்கு மேலே ராவுத்தரின் முகம் தெரிந்தது.

"நான்தான் மாப்ளே," என்றார். "குடையை விட்டுட்டு வந்துட்டீங்க."

பக்கத்துத் தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்தோம். அவரால் கோப்பையைத் தூக்க முடியவில்லை, குனிந்து உறிஞ்சினார். நான் அழுதேன். ரிவால்வரை மேசைக்கடியில் அவர் பக்கம் நீட்டி, எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் தொடவில்லை. "விசையோட கனம் போதும்போல இருக்கே," என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "என் வீட்டுல மட்டும் சொல்லிப்புடாதீங்க. அப்புறம் என்னைக் கடைக்கு அனுப்ப மாட்டா," என்றார்.

அன்றிலிருந்து அவர் என்னை எங்கே கண்டாலும் பத்தடி தூரத்திலேயே குரல் கொடுப்பார்: "நான்தான் மாப்ளே!" துறைமுகத்தில், கல்யாணப் பந்தலில், கோயில் வாசலில்கூட. நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். கேட்டுச் சிரித்தும் இருக்கிறீர்கள். நானும் சிரித்துவைப்பேன். ஒவ்வொரு தடவையும் எனக்குள் அந்த விசை பாதி நகரும்.

மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது, என்னையறியாமல் என் வாயிலிருந்தே அது வந்துவிட்டது. "நான்தான்!" உள்ளே ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. யாரோ ஓடிவரும் சத்தம் கதவுத் திரை வரை வந்து நின்றது. திரை ஒரு தரம் அசைந்தது, அவ்வளவுதான். இறந்தவரின் சொல்லை அவர் வாசலிலேயே கூவியிருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அண்ணனா?" என்றது திரைக்குப் பின்னால் அவர் மனைவியின் குரல். அதுவும் உரத்த குரல்தான்.

ராவுத்தர் மறைக்கச் சொன்னதை அந்தத் திரையின் முன் நின்று சொன்னேன். கனமான விசை, குடை, பாதி, எல்லாவற்றையும். என்னை வெளியே போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். எத்தனையோ நாளாக நான் காத்திருந்ததும் அதற்காகத்தான்.

"அப்ப உங்களுக்குக் காது நல்லாவே கேக்குமா அண்ணே?"

எனக்குப் புரியவில்லை.

"உங்களுக்குக் காது மந்தம்னு எங்க வீட்டுக்காரங்க ஊர் பூராச் சொல்லி வச்சிருக்காங்களே. 'பின்னால போனீங்கன்னா தள்ளி நின்னு சத்தமாக் கூப்பிடுங்க. காதைப் பத்தி மட்டும் கேட்டுறாதீங்க, மனுசன் வெக்கப்படுவார்'னு. எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க."

"எங்கிட்டயே உண்மையைச் சொல்லலையே," என்றார். இந்த முறை மெதுவாக.

நாலு வருஷமாக ஆலையிலும் கடைத்தெருவிலும் எல்லோரும் ஏன் என்னிடம் கத்துகிறார்கள் என்று எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தவன் நான். முனியாண்டி சாவுச் செய்தியோடு பத்தடி தள்ளி நின்றதும் இதனால்தான். என் கையிலிருந்து உங்கள் ஒவ்வொருவரையும் ராவுத்தர் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அதற்கு என் மானத்தில் ஒரு துளியைக்கூட அவர் செலவழிக்கவில்லை.

லைசென்ஸ் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிப்பேனா, ஒப்படைத்துவிடுவேனா, இன்னும் தெரியவில்லை. ஒரு நாள் ஒன்று தோன்றுகிறது. மறுநாள் சிரியம் பாதை நினைவுக்கு வருகிறது. ராவுத்தரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த ரிவால்வர் அல்ல. பின்னால் காலடி கேட்டால் முதலில் அவராக இருக்கும் என்று நினைக்கும் பழக்கம்தான். இனி அது அவராக இருக்க முடியாது. அது என் கைக்கு இன்னும் தெரியாமல் இருக்க வேண்டும்.

நண்பர்களே, என் காது நன்றாகவே கேட்கிறது. ஆனாலும் தள்ளி நின்றே கூப்பிடுங்கள்.