புதிய முறையைத் தேர்ந்தெடுத்த மைமூன் அக்கா

மார்க்கையன்கோட்டைத் தலைமையாசிரியர் என் கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தப் போன் வந்தது. ஏப்ரல் மாதத் தொடக்கம். வைப்புத்தொகை வட்டியில் வரி பிடிக்காமலிருக்க வங்கியில் கொடுக்கும் படிவத்தோடு வந்திருந்தார். "மேடம் எத்தன மணிக்கு வருவாக?" என்று கேட்டவரிடம், பதினோரு நாளாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்ததையே சொன்னேன்: "மதுரைக்குப் போயிருக்காக சார், வந்துருவாக." போனில் மைமூன் அக்காவின் மகன். "அம்மா போயிட்டாங்க, செல்வியக்கா" என்றான். நான் போனை வைத்துவிட்டு, "மேடம் வர மாட்டாக சார்" என்றேன். "சரி, அப்ப நாளைக்கு வர்றேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். கூப்பிட்டு நிறுத்திச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நம் ஓய்வூதியர் சங்க இதழைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அக்காதான் வருமானவரிக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். தெரியாத மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். உத்தமபாளையத்தில் சார்நிலைக் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் கம்ப்யூட்டர் கடையில் மூலை நாற்காலி அவருடையது. ஏப்ரலில் வந்து உட்கார்ந்தால் கணக்குத் தாக்கல் முடியும் வரை அசைய மாட்டார்; மற்ற மாதங்களிலும் வந்துபோவார். அவர் பார்த்துச் சொல்வார், நான் தட்டுவேன். கூலி என்று யாரிடமும் வாங்கியதில்லை. யாராவது நீட்டினால், "எனக்குப் பென்ஷன் வருது, ஒனக்கும் பென்ஷன் வருது, அப்புறம் எதுக்கு?" என்பார்.

ஒரு முறை கெங்குவார்பட்டியிலிருந்து ஒரு நர்சம்மா வந்தார். ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆனவர், காப்பீடு எதுவும் கிடையாது. கணவருடைய வயிற்று ஆபரேஷனுக்கு ஆன செலவையெல்லாம் நோட்டாக எண்ணிக் கட்டியிருந்தார். ரொக்கமாகக் கட்டிய வைத்தியச் செலவுக்குக் கழிவு கிடையாது. அக்காவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஆஸ்பத்திரியிலயே வேல பாத்துட்டு இப்பிடிக் கையில காசாக் குடுத்துட்டு வந்து நிக்கிறீகளே" என்று அந்த அம்மாளை அழ வைத்துவிட்டு, அப்புறம் தானே டீ வாங்கிக் கொடுத்து, வேறு எதில் கழிக்கலாம் என்று மதியம் வரை பாஸ்புக்கைப் புரட்டினார். வட்டிக் கழிவை அந்த அம்மாள் மூன்று வருடமாகக் கேட்காமலே விட்டிருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. "அறுவது தாண்டுனா வீட்டுலயே நம்மள ஓரமா ஒக்கார வச்சிருவாக. இந்த வரிச் சட்டம் ஒண்ணுதான் வயசுக்குன்னு தனியா எல போட்டு வச்சிருக்கு. அதுல சாப்பிடாம எந்திரிக்கிறவுகளக் கண்டா எனக்கு ஆத்தரமா வருது" என்பது அவர் அடிக்கடி சொன்ன பேச்சு.

இப்படிப்பட்டவர் போன ஜூலையில் தன்னுடைய கணக்கைப் போட உட்கார்ந்தபோது, "எனக்குப் புது முறையே போடு" என்றார். புதிய முறையில் வரி விகிதம் குறைவு, ஆனால் முதியோருக்கான இந்தக் கழிவுகள் எதுவும் கிடையாது. வருடா வருடம் பழைய முறையில் போட்டு ஒரு ரூபாய் வரி கட்டாதவர் அவர். நான் சிரித்துவிட்டேன். "என்னக்கா, அரசாங்கத்து மேல திடீர்னு பாசமா?" என்று கிண்டல்கூடச் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

அன்று வேறொருவருடைய தாள்களை ஸ்கேன் செய்ய என்னிடம் கொடுத்திருந்தார். பத்துத் தாளில் ஒன்று தவறிப்போய் உள்ளே வந்துவிட்டது. மதுரையில் ஒரு புற்றுநோய் மருத்துவர் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள். மற்றவர்களுக்குக் கழிவு வாங்கிக் கொடுக்க இதே மாதிரித் தாளுக்காக அக்கா எத்தனை பேரை விரட்டியிருக்கிறார். நோயாளி பெயர் மைமூன் பீவி என்றிருந்தது. நான் இரண்டு முறை படித்தேன்.

"குடு அத" என்று வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, இத வச்சா ஒரு லட்சம் கழிக்கலாமே" என்றேன். எனக்கு வாயில் வந்தது அதுதான். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

"கழிக்கலாம். நோவு பேரு போடணும்ல? இந்தக் கணக்கு மகனோட ஈமெயில்ல இருக்கு. தாக்கல் பண்ணுன மறுநிமிசம் அவனுக்குக் காப்பி போயிரும். வருசா வருசம் போடுற சேமிப்பும் இந்தத் தடவ வைத்தியத்துக்குப் போயிருச்சு, நோவ மறைச்சுப் பழைய முறையில போட்டா வரி இன்னுங் கூடும்."

"போகட்டுமேக்கா. பெத்த பிள்ளைக்குத் தெரியாம வைத்தியமா?"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "போன பெருநாளைக்கு ரெண்டு பேரும் வந்தப்ப அடுப்படியில பேசிக்கிட்டாக. அம்மா முடியாமப் போனா நான் சென்னைக்குக் கூட்டிட்டுப் போறேன், அத்தாவ நீ கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போன்னு மகன் தங்கச்சிகிட்டச் சொல்றான். கெட்ட பிள்ளைக இல்ல. அவுக அவுக வீட்டுல ஒரு கட்டுலுக்குத்தான் எடம் இருக்கு."

அத்தா என்றது அப்பாவை; அக்காவின் கணவர் காதர் பாயை உங்களில் பலருக்குத் தெரியும். பக்கவாதம் வந்து நான்கு வருடமாகப் பேச்சில்லை. "தண்ணி வேணும்னா ஒரு மாதிரிப் பாப்பாக, ஒண்ணுக்கு வந்தா ஒரு மாதிரிப் பாப்பாக. எனக்குத்தான் அது தெரியும். வேற வீட்டுல போட்டா அந்த மனுசன் தவிச்சே செத்துருவாக. நீ யார்கிட்டயும் சொல்லக்கூடாது செல்வி. என் தலையில கை வச்சுச் சொல்லு."

வைத்தேன். புதிய முறையைத் தேர்ந்தெடுத்து, அவர் கார்டிலிருந்தே வரியைக் கட்டினேன். முப்பதாயிரத்துச் சொச்சம். ரசீதைப் பார்த்துவிட்டு, "அவுகளும் நானும் ஒரே வீட்டுல இருக்கிறதுக்கு ஒரு வருச வாடகைன்னு வச்சுக்க" என்றார்.

அதன் பிறகு ஒன்பது மாதம். வரி வேலையாகத் தேனிக்குப் போகிறேன் என்று பக்கத்து வீட்டம்மாளிடம் பாயை ஒப்படைத்துவிட்டு விடிகாலை பஸ்ஸில் மதுரைக்குப் போவார். கீமோ ஏற்றிக்கொண்டு அன்றே திரும்புவார். நேரே என் கடைக்கு வந்து பின்னால் போய் வாந்தி எடுத்து, முகத்தைக் கழுவிவிட்டு, காத்திருப்பவரிடம், "பாஸ்புக் கொண்டாந்தீகளா?" என்பார். முடியெல்லாம் கொட்டிவிட்டது. முக்காடு போட்ட தலை என்பதால் வெளியில் யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் பார்த்த ஒரே மனிதருக்குப் பேச்சு வராது.

ஆபரேஷன் செய்ய வேண்டும், பத்து நாள் தங்க வேண்டும் என்றார் மருத்துவர். "பத்து நா அவுகள எங்க விடுவேன்?" என்று தள்ளிப் போட்டார். நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். தை மாதத்தில் ஒரு நாள் அவர் மகனுடைய எண்ணை அழுத்திவிட்டேன். ஒரு முறை மணி அடித்தது. சத்தியம் நினைவுக்கு வந்து துண்டித்தேன். அவன் திரும்ப அழைத்தான். "கை பட்டுருச்சுப்பா" என்றேன். "அம்மா நல்லா இருக்காங்கள்ல?" என்று கேட்டான். "நல்லா இருக்காக" என்று சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

மார்ச் கடைசியில் அடுப்படியில் விழுந்தார். மகன் வந்து மதுரையில் சேர்த்தபோது எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். பதினோரு நாள்தான்.

மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனேன். மகன் கையில் அக்காவின் கைப்பை இருந்தது. அந்த மருத்துவர் தாளை எடுத்துத் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒங்களுக்குத் தெரியுமாக்கா?" என்றான். தெரியும் என்றேன். அவன் திட்டுவான், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன். அவன் சத்தமே இல்லாமல், "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற வீடு பாத்து ரெண்டு பேரையும் சேத்தே கூட்டிட்டுப் போயிருப்பேனேக்கா" என்றான். கட்டிலில் பாய் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அது எந்தப் பார்வை என்று படித்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை.

உண்மையிலேயே சேர்த்துக் கூட்டிப் போயிருப்பானா, துக்கத்தில் சொன்னானா, தெரியவில்லை. இரண்டில் எது என்றாலும் எனக்குத் தூக்கமில்லை. பாய் இப்போது கோயமுத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். நான் வாக்கைக் காப்பாற்றினேனா, அக்காவைக் கொன்றேனா? இதைப் படிக்கிற நீங்கள் எல்லோரும் அந்த வயதுக்காரர்கள்தானே, யாராவது ஒருவர் எனக்குச் சொல்லுங்கள்.

அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது, புது முறை கேட்டு வருகிறவர்களைக் கண்டால் வரும் ஒரு பயம்தான். அதை விடப் போவதில்லை. போன வாரம் காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் வந்தார். மனைவியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார். வைத்தியச் செலவு ஏதாவது உண்டா என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, புது முறையே போடுங்க" என்றார். தட்டாமல் கையை எடுத்துவிட்டு இன்னொரு தடவை கேட்டேன். அவர் வாசல் பக்கம் மனைவியைப் பார்த்தார். நான் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.