கல்யாண மண்டபத்துக்குள் போன லைசென்ஸ் தேர்வு

ஆறு வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மாதத்து அடைமழையில், திருவண்ணாமலையில் நடந்தது இது. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அதற்குள் ஜவுளிக்கடை, லாட்ஜ், மருந்துக்கடை, தையல் யூனிட் என்று ஒரு சுற்று வந்திருந்தேன். "எல்லா வேலையும் தெரிஞ்சவ" என்று சொந்தக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எங்கே நோட்டும் பேனாவும் என் பக்கம் நகர்ந்து வருகிறதோ, அங்கே மறுநாள் நான் இருக்க மாட்டேன் என்பதுதான் உண்மை. எழுத்தெல்லாம் என் கண்ணுக்கு இடம் மாறித் தெரியும். இடது வலதும் குழம்பும். கற்றல் குறைபாடு என்று அதற்கொரு பெயர் இருப்பதே தெரியாது. மண்டு என்று நானே முடிவு கட்டி, யாரிடமும் மூச்சு விடவில்லை.

கடைசியாகச் சேர்ந்த மெஸ்ஸில் சாப்பாட்டு வேன் ஓட்ட ஆள் தேடினார்கள். படிக்க வேண்டாம், எழுத வேண்டாம். "லைசென்ஸ் எடுத்துட்டு வா, வேலை உனக்குத்தான்" என்றார் முதலாளியம்மா. இதையும் விட்டால் வேறு போக்கிடம் இல்லை எனக்கு.

வண்டி நன்றாகவே ஓட்டினேன். பழகிய ரோட்டில் லெஃப்ட் என்றால் மலைப் பக்கம், ரைட் என்றால் எதிர்ப் பக்கம். திரும்பி வரும்போது தலைகீழ். இதை வைத்தே பயிற்சியை ஒப்பேற்றிவிட்டேன்.

தேர்வு நாளன்று பார்த்தால் மலையைக் காணோம்! மேகம் இறங்கி ஒரே வெள்ளை. அவ்வளவு பெரிய மலை அன்றைக்கென்று லீவு போட்டுவிட்டது. பக்கத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் வேறு. "லெஃப்ட்ல திருப்பு" என்றார். ரோடு அதேதான், ஆனால் மலை இல்லாமல் எனக்கு மூளையே ஓடவில்லை. குருட்டாம்போக்கில் திருப்பினேன். வண்டி நேராக ஒரு கல்யாண மண்டபத்துக்குள் போய் நின்றது.

வாசலில் தட்டோடு நின்ற அம்மா, எங்களை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்து ஜன்னல் வழியே பன்னீர் தெளித்தார். முழுக்க இன்ஸ்பெக்டர் முகத்தில்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நான் லெஃப்ட்னுதானேம்மா சொன்னேன்?" என்றார்.

"மலை தெரியல சார்."

"மலைக்கும் லெஃப்ட்டுக்கும் இன்னாம்மா சம்மந்தம்?"

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எழுத்து இடம் மாறுவது, வேலைகளை விட்டு ஓடியது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தட்டிலிருந்த சந்தனக் கிண்ணத்தை வாங்கி என்னிடம் நீட்டி, இடது கையைத் தொட்டுக் காட்டினார்.

"இந்தக் கையில பூசிக்கோ. இதான் லெஃப்ட்."

"பீச்சாங்கையிலயா பூசுவாங்க?" என்று பதறினார் தட்டு வைத்திருந்த அம்மா.

"இவங்களுக்கு அதான் முகூர்த்தம்" என்றவர், என் பக்கம் திரும்பி, "இன்னிக்கு ஃபெயிலுதான். அடுத்த வாரம் வாங்க" என்றார்.

அடுத்த வாரம் இடது கையில் சந்தனத்தோடு போய் பாஸானேன். அதே தைரியத்தில் முதலாளியம்மாவிடமும் உண்மையைச் சொன்னேன். "அதுக்கின்னா, காட்டிச் சொன்னா ஆச்சு" என்று அவர் பாட்டுக்குச் சாம்பாரைக் கிளறினார். வேனுக்குப் பிறகு ஆட்டோ ஓட்டினேன், இப்போது டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். இந்த வேலைகளுக்கெல்லாம் நானாக விரும்பித்தான் மாறினேன்.

அத்தனை வருடம் ஒளித்து வைத்ததை முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்குப் பயந்து எத்தனை நல்ல இடங்களை விட்டு ஓடினேன் என்று நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு வலிக்கிறது.