அக்கா அடித்த லைட்

பேருந்துப் பணிமனையில் அவளை எல்லோரும் லைட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வழியில் எங்காவது போலீஸ் வேகம் பார்த்துக்கொண்டு நின்றால், எதிரே வரும் வண்டிகளுக்கு முகப்பு விளக்கை இரண்டு தரம் சிமிட்டுவாள். ‘முன்னால் போலீஸ் நிற்கிறது, மெதுவாகப் போ’ என்று அர்த்தம். லாரிக்காரர்கள் அவளைக் கண்டால் கும்பிடாத குறைதான். அவளுடைய தம்பி மட்டும் அந்தப் பெயரைக் கேட்டாலே தலையைக் குனிந்துகொள்வான். பாலத்தை ஒட்டிய வளைவில் வேகம் அளக்கிற ஸ்பீடு கன்னும் கையுமாக நிற்கிற டிராஃபிக் போலீஸ்காரன் அவன்தான்.

அக்கா கீழ்வீடு, அவன் மாடி. சாப்பாடு இரண்டு பேருக்கும் கீழேதான். தட்டில் கை வைத்ததும் சண்டை தொடங்கிவிடும்.

“ஊர்ல யாருக்கு வேணா லைட் அடி. நான் நிக்கிற இடத்துல அடிக்காதேக்கா. ஸ்டேஷன்ல என்னைக் கேலி பண்றாங்க.”

“நீ எதுக்குடா அங்க நிக்கிற?”

“வண்டியெல்லாம் மெதுவா போகணும்னு.”

“நான் அடிச்சா மெதுவாத்தானே போறாங்க. அப்புறம் என்ன?”

“என்னைத் தாண்டுற வரைக்கும் பூனை மாதிரி போவான். அந்தப் பக்கம் போனதும் பறப்பான். ஃபைன் கட்டினாத்தான் புத்தி வரும்.”

அக்கா ரசத்தை ஊற்றிக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவாள்.

அவள் ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், அவளுடைய பஸ்ஸுக்கு முன்னால் பறந்துகொண்டிருந்த கார் ஒன்று போலீஸைக் கண்டதும் அப்படியே பிரேக்கை மிதித்து நின்றது. இவளும் மிதித்தாள். இடிக்கவில்லை. ஆனால் உள்ளே நின்றுகொண்டு வந்த ஒரு டீச்சர் கம்பியில் மோதி, முகமெல்லாம் ரத்தம். தவறு அக்காவுடையது அல்ல என்று பணிமனையில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவளுக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்த டீச்சர் வாயைத் திறந்து பேசுகிற வரை வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்திருந்தாள். வண்டிகள் திடுக்கிட்டு நிற்காமல் முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவள் லைட் அடிக்க ஆரம்பித்தது.

வினை ஒரு திங்கட்கிழமை வந்தது. அன்று வளைவில் அவனோடு அதிகாரியும் நின்றார். ரொம்ப நேரமாக ஒரு வண்டிகூட மாட்டவில்லை. அதிகாரி அவனையும் கூட்டிக்கொண்டு பாலத்தின் மேல் ஏறிப் பார்த்தார். இவர்களைத் தாண்டிப் போன பஸ் ஒன்று, எதிரே வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் கண்ணடித்துக்கொண்டே போனது. ஜீப்பில் துரத்திப் போய் நிறுத்தினார்கள்.

“அந்த டிரைவரைத் தெரியுமா உனக்கு?”

“என் அக்கா சார்.”

அதிகாரி வழக்குப் புத்தகத்தை அவனிடம் நீட்டி, “நீயும் கண்ணால பார்த்திருக்க. ஒண்ணும் மறைக்காம எழுது” என்றார்.

பஸ் ஜன்னல் வழியாக அக்கா லைசன்ஸை நீட்டினாள். அவன் எழுதியதை அடித்துவிட்டுத் திரும்ப எழுதுவதைப் பார்த்து, “பேரை ஒழுங்கா எழுதுடா” என்றாள்.

போலீஸ் வேலைக்கு இடைஞ்சல் செய்ததாக வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டால் சின்ன அபராதத்தோடு முடிந்துவிடும் என்று பணிமனை மேலாளர் படித்துப் படித்துச் சொன்னார். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. செய்ததை மறுக்க மாட்டேன், ஆனால் அது குற்றம் என்று என் வாயால் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். நீதிமன்றத்துக்குப் போகிற அன்று காலையிலும் தம்பிக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள்.

“நான் உண்மையத்தான்கா சொல்லணும்.”

“வேற என்ன சொல்லப் போற? சாப்பிடு.”

சாட்சிக் கூண்டில் அவன் பார்த்ததைச் சொன்னான். அக்கா லைட் அடித்தாள், தன் கண்ணால் கண்டேன் என்றான். நீதிபதி ஒரு வயதான பெண்மணி. “அவங்க லைட் அடிச்ச வண்டிகள்ல ஒண்ணாவது அதுக்கு முன்னாடி வேகமா வந்ததுன்னு காட்ட முடியுமா?” என்று கேட்டார்.

“முடியாதும்மா. என்கிட்ட வரும்போது எல்லாமே மெதுவாத்தான் வந்துச்சு.”

நீதிபதி அக்கா பக்கம் திரும்பினார். “குடிச்சிட்டு ஒருத்தன் ஓட்டிட்டு வர்றான். அவனையும் நீங்க உஷார்படுத்தித்தானே அனுப்பியிருப்பீங்க?”

அவளுடைய வக்கீல் எழுந்திருக்கப் பார்த்தார். அவள் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தாள்.

“ஆமாம்மா. அனுப்பியிருப்பேன். எனக்கு அது தோணவே இல்ல. இது யோசிக்க வேண்டிய விஷயம்தான்.”

தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வழக்கு போச்சு என்று நினைத்தான். அதே நேரம், இப்படி ஒரு சபையில் தன்னால் இப்படிச் சொல்லியிருக்க முடியுமா என்றும் தோன்றியது.

விதியை மீறிய ஒருவரைத் தப்பவிட்டதாக நிரூபிக்கப்படவில்லை, மெதுவாகப் போகச் சொல்வது மட்டுமே குற்றமாகாது என்று நீதிபதி அவளை விடுவித்தார். மேலே உள்ள நீதிமன்றம் வேறு மாதிரியும் நினைக்கலாம் என்று சேர்த்துச் சொன்னார். பணிமனையில் ஆளாளுக்குக் கைதட்டினார்கள். அக்கா சிரித்துவிட்டு டியூட்டிக்குக் கிளம்பினாள்.

சில வாரங்களில் வளைவில் ஒரு மாற்றம் தெரிந்தது. அவனைத் தாண்டிப் போன வண்டிகள் பழையபடி பறக்கவில்லை. லீவு முடிந்து வந்த ஒருநாள், போலீஸ் யாரும் நிற்காதபோதும் வண்டிகள் அங்கே நிதானமாகப் போனதாக வேறொரு போலீஸ்காரர் சொல்லக் கேட்டான். ராத்திரி சாப்பிடும்போது அக்காவிடம் விசாரித்தான்.

“அந்த நீதிபதியம்மா கேட்டதிலேர்ந்து நீ நின்னாலும் அடிக்கிறேன், நிக்காட்டியும் அடிக்கிறேன்” என்றாள் அவள். “வளைவு, பள்ளிக்கூட வாசல், சந்தை எல்லா இடத்துலயும். எங்க போலீஸ் இருக்குன்னு இப்ப ஒருத்தனுக்கும் தெரியாது.”

“லாரிக்காரங்க திட்டலையா?”

“திட்டுறாங்க. நம்பி மெதுவா போனேன், அங்க ஒரு ஈ காக்கா இல்லன்னு ஒருத்தன் பஸ்ஸை மறிச்சே கேட்டான்.”

“நீ என்ன சொன்ன?”

“குழந்தைங்க ரோடு கிராஸ் பண்ணாங்களே, பார்த்தியான்னு கேட்டேன். பார்த்தேன்னான். சரி போன்னுட்டேன்.”

அவன் சிரித்தான். லைட்டக்கா என்று யாராவது கூப்பிட்டால் இப்போதெல்லாம் அவன் தலையைக் குனிவதில்லை. புதிதாக வந்த போலீஸ்காரர்களிடம், “அந்த பஸ்ஸை ஓட்டுறது என் அக்கா” என்று தானே முந்திக்கொண்டு சொல்கிறான்.