ஊதிப் பார்க்காத தலையணை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கணவர் பால்கனியில் உட்கார்ந்து, பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை ஆக்ஸா பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தார். இந்த மலையேற்றப் பேச்சு வாய்ப்பேச்சோடு நிற்கப்போவதில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்னங்க பண்ணுதீங்க?"

"வெயிட் குறைக்கறேன். மேல போகப் போக ஒவ்வொரு கிராமும் கிலோவா கனக்கும். உனக்கு இதெல்லாம் தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். ரவை, சர்க்கரை அளக்க நான் வாங்கி வைத்திருந்த சின்ன எலக்ட்ரானிக் தராசு சமையலறையை விட்டுப் படுக்கையறைக்குக் குடிபோயிருந்தது. அதில் சாக்ஸை எடை போட்டார். டார்ச்சை எடை போட்டார். சோப்பை எடை போட்டு, இரண்டாக வெட்டி, மறுபடியும் எடை போட்டார். உப்புமா கிண்ட நான் கண் திட்டத்துக்குத் திரும்பியிருந்தேன்.

அவர் அலுவலகத்தில் அவருடைய குழுவினர் சேர்ந்து, மே மாதம் இமயமலைப் பக்கம் ஒரு பயணம் ஏற்பாடு செய்திருந்தார்கள். கூடாரத்தில் படுக்கை, பனியில் நடை, அவரவர் மூட்டை அவரவர் முதுகில். போகிறவர்கள் எல்லாரும் சின்னஞ்சிறுசுகள். இவர் ஐம்பதைத் தாண்டியவர். வயதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எழுபதிலும் மலை ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். என் கவலை அவர் மூச்சைப் பற்றி. போன மழைக்காலத்தில் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவர். அதற்குப் பிறகு அந்த மூச்சு பழைய மூச்சாக இல்லை. கொண்டாப்பூரில் எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் மக்கர் செய்யும் நாட்களில், படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று போனை எடுத்துப் பார்ப்பார். அப்படி என்ன செய்தி மாடிப்படியில் மட்டும் வந்து குவிகிறது என்று கேட்டால், "ஆபீஸ்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்.

"டாக்டர் சொன்ன நுரையீரல் டெஸ்ட் எடுத்தாச்சா?"

"ஹவ், ஆச்சு. எல்லாம் நார்மல்."

அவர் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்தில் வேலூரிலிருந்து செகந்திராபாத்துக்கு வந்தது. வீட்டில் பேசுவது இன்றும் வேலூர்த் தமிழ்தான். ஆமாமும் வேண்டாமும் மட்டும் இந்த ஊர்ப் பாஷையில் வரும். ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம். கல்யாணமான புதிதில் அந்த ஹவ்வைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். இப்போது சிரிப்பு வரவில்லை. காற்றே குறைவாக இருக்கிற உயரத்துக்கு இந்த மூச்சை வைத்துக்கொண்டு போகிற மனிதர் நல்லபடியாக இறங்கி வருவாரா? என் மனதில் அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. நேரடியாகக் கேட்டால் சண்டை வரும். அதனால் அவர் பின்னாலேயே நடந்து, அவர் வாங்குகிறதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக மிச்சம் இருந்தது தலையணை. விளையாட்டுச் சாமான்கள் விற்கும் பெரிய கடை ஒன்றுக்கு, கல்லூரியில் படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகப் போனோம். கூடாரத் தலையணைகளுக்கென்றே அங்கே ஒரு வரிசை இருந்தது. கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ளும் வளைந்த ரகம், பஸ்ஸில் உட்கார்ந்து தூங்க நல்லது, தரையில் படுக்க உதவாது. பஞ்சு வைத்த ரகம், சுருட்டிப் பைக்குள் திணித்தாலும் ஒரு முலாம்பழம் அளவுக்கு நிற்கும். அப்புறம் காற்று ஊதும் ரகம். மடித்தால் எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது, கையில் வைத்தால் எடையே தெரியாது. அதிலும் இரண்டு வகை. வெறும் பிளாஸ்டிக் மாதிரி இருப்பதில் கன்னம் வியர்த்து ஒட்டும், திரும்பிப் படுத்தால் சிப்ஸ் பாக்கெட் மாதிரி மொறுமொறுக்கும். மேலே மெத்தென்று துணி தைத்ததில் அந்தத் தொல்லை இல்லை.

கடைப்பெண் தெலுங்கில், ஊதிப் படுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், முழுக்க ஊதக் கூடாது, முக்கால் அளவு ஊதினால்தான் தலை வழுக்காது என்று விளக்கி, காட்சிக்கு வைத்திருந்த தலையணையை இவரிடம் நீட்டினாள்.

இவர் ஒரு அடி பின்னால் போனார். "நக்கோ, நக்கோ. எவன் எவன் வாய் வெச்சானோ. எச்சில்."

அதற்குள் மகள் அதை வாங்கி, துப்பட்டாவால் ஒரு துடை துடைத்து, புஸ் புஸ்ஸென்று ஊதி, அங்கே விரித்திருந்த பாயில் படுத்தே விட்டாள். "சீ, எச்சில்!" என்று நானும் அவரும் ஒரே குரலில் கத்தினோம்.

"அரே, கூல் அம்மா! துடைச்சுட்டேன்ல?" என்றாள் அவள், படுத்தபடியே.

எங்கள் ஜாதகத்தில் எத்தனை பொருத்தம் இருந்தது என்று எனக்கு நினைவில்லை. எச்சில் பொருத்தம் முழுசாக இருந்தது. திருநெல்வேலியில் என் பிறந்த வீட்டில் தம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தால், அம்மா தம்ளரோடு சேர்த்து நம்மையும் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். செகந்திராபாத் மாரெட்பள்ளியில் என் மாமியார் வீடு அதற்கும் மேலே. பிறந்தநாள் பலூன்களுக்கு அங்கே சைக்கிள் பம்பால்தான் காற்றடிப்பார்கள். வாயால் ஊதின பலூன் வெடித்தால் உள்ளே இருக்கிற எச்சில் காற்று வந்தவர்கள் முகத்தில் படுமாம். என் மகளின் முதல் பிறந்தநாளுக்கு மெழுகுவர்த்தியை என் மாமியார் விசிறியால்தான் அணைத்தார். எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. அப்படி வளர்ந்த மனிதர் ஊரார் வாய் பட்ட தலையணையை ஊத மாட்டேன் என்றால் அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? எனக்கு அவர்மேல் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் அவர் போய் அந்தப் பஞ்சுத் தலையணையைக் கையில் எடுத்தபோது எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"பிரஷ்ஷை அறுத்தீங்க, சோப்பை வெட்டினீங்க. இப்ப இந்த முலாம்பழத்தைத் தூக்கிட்டா மலை ஏறப் போறீங்க?"

"கழுத்துக்கு இதுதான் நல்லது."

"என்னத்துக்கு நல்லது? நம்ம வீட்டுத் தலையணையே உங்களுக்கு ஆகாது. கையை மடிச்சு வெச்சுத்தான தூங்குதீங்க."

அவர் அந்தத் தலையணையை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார். சீல் பிரிக்காத பாக்கெட்டில் இருந்த, துணி தைத்த காற்றுத் தலையணை ஒன்றை நானே எடுத்துக் கூடையில் போட்டேன். இதில் யார் வாயும் படவில்லை, இனி இவர் வாய் மட்டும்தான் படும், பிரச்சினை தீர்ந்தது என்று என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு பில் போடும் வரிசையில் நின்றேன்.

வீட்டுக்கு வந்த தலையணை பாக்கெட்டைவிட்டு வெளியே வரவில்லை. எங்காவது காற்றுக் கசிந்தால் மாற்றிவிடலாம், ஒரு தடவை ஊதிக் காட்டுங்கள் என்று நான் தினமும் கேட்டேன். இப்போதுதான் காபி குடித்தேன் என்பார். கடைவாய்ப் பல் வலிக்கிறது என்பார். அங்கே போய் ஊதிக்கொள்கிறேன், இங்கே கட்டிலில் நிஜத் தலையணை இருக்கும்போது எதற்கு என்பார். தலையணையை ஊதச் சொன்னதற்கு இத்தனை சாக்கு சொல்கிற மனிதரை நான் கண்டதில்லை. எனக்குள் ஏதோ உறுத்தத் தொடங்கியது. ஆனாலும் அந்த எச்சில் சமாச்சாரம் என் கண்ணைக் கட்டிவைத்திருந்தது. புதுசாக இருந்தாலும் பிளாஸ்டிக்கில் வாய் வைக்க அருவருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் சமையலறையில் பாத்திரம் ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். படுக்கையறையிலிருந்து என் ஹேர் டிரையரின் சத்தம் கேட்டது. மகள் கல்லூரிக்குப் போயிருந்தாள். நான் இங்கே நிற்கிறேன். மிச்சம் அவர்தான், அவர் தலையிலோ காய வைக்கிற அளவுக்கு ஒன்றும் கிடையாது. கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினேன்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, டிரையரின் வாயைத் தலையணையின் வால்வில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு மூலை சூட்டில் சுருங்கி, அறை முழுக்கக் கருகல் வாடை. முதலில் வாயால் முயன்றிருக்கிறார். வால்வு ஈரமாக இருந்தது. அவர் முகம் சிவந்து, சட்டைக் காலர் நனைந்து, தோள்கள் ஏறி ஏறி இறங்கின. என்னைப் பார்த்ததும் டிரையரை அணைத்தார். அது நின்ற பிறகு அவர் மூச்சின் சத்தம் மட்டும் கேட்டது. விசில் மாதிரி மெல்லியதாக, இழுத்து இழுத்து.

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"டெஸ்ட் எடுத்தீங்களா, இல்லையா? நேராச் சொல்லுங்க."

"இல்ல."

"அப்ப நார்மல்னு சொன்னது?"

"எடுத்தா போகாதேம்பாங்க."

"போகாட்டி என்ன இப்ப? மலை எங்கயும் ஓடிப் போயிருமா?"

"மலைக்காக இல்ல." அவர் டிரையரின் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டே பேசினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நின்று மூச்சு வாங்கினார். "ஆபீஸ்ல ஆளைக் குறைக்கறாங்க. உன்கிட்ட சொல்லல. போன ரவுண்டுல போனவங்க எல்லாம் என் வயசுக்காரங்க. இந்த நேரத்துல நான் மூச்சு வாங்குதுன்னு உக்காந்துட்டா, அடுத்தது யாருன்னு அவங்களுக்கு யோசிக்கற வேலையே இல்ல."

கடையில் அவர் ஏன் பின்னால் போனார் என்று அப்போது எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு கிராமாக எண்ணிக் குறைத்தவர் ஏன் பஞ்சுத் தலையணையைக் கட்டிக்கொண்டு நின்றார் என்பதும் புரிந்தது. மகள் முன்னாலும் கடைப்பெண் முன்னாலும் ஊத முடியாமல் நிற்கக் கூடாது என்று எச்சிலைச் சொல்லித் தப்பித்திருக்கிறார். வேறு வீட்டில் பிறந்த பெண்ணாக இருந்தால் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பாள். அந்தச் சாக்கை அப்படியே முழுங்குவதற்கு என்னைப் போல ஒருத்திதான் வேண்டும், அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே அந்தத் தலையணையைப் பிடுங்கி என் வாயில் வைத்தேன்.

"ஏய், நான் வாய் வெச்சது..." என்றார்.

ஊதினேன். நாலைந்து மூச்சில் விம்மிக்கொண்டு நின்றது. நான் யோகாவும் செய்கிறவள் இல்லை, ஓடுகிறவளும் இல்லை. கீரைக் கட்டோடு இரண்டு மாடி ஏறினாலே முட்டி வலிக்கிற பெண்பிள்ளை. எனக்கே அது அவ்வளவு சுலபமாக இருந்தது. அந்தச் சுலபம்தான் என்னை உடைத்துவிட்டது. தலையணையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் என்னைச் சமாதானம் செய்யக்கூட மூச்சு இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமையே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் அட்டைக் குழாய் வைத்து, "ஊதண்டி, இன்கா, இன்கா" என்று அங்கிருந்த பெண் தெலுங்கில் விரட்டினாள். இன்னும், இன்னும் என்று. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நானும் வாயைக் குவித்துக்கொண்டு அவரோடு சேர்ந்து ஊதினேன். திரையில் மேலே ஏறிய கோடு பாதியிலேயே படுத்துவிட்டது. மறுபடி ஊதச் சொன்னாள், மறுபடியும் படுத்தது.

டாக்டர் பொறுமையானவர். பழைய காய்ச்சல் நுரையீரலில் தழும்பை விட்டுப் போயிருக்கிறது, மருந்தால் மேற்கொண்டு பரவாமல் பார்க்கலாம், போனது திரும்பி வராது என்றார். சமவெளியில் மெதுவாக நடக்கலாம். மலை என்கிற பேச்சே வேண்டாம். இவர் ஒரு கேள்வி மட்டும் கேட்டார், வேலைக்குப் போகலாமா என்று. உட்கார்ந்து செய்கிற வேலைதானே, தாராளமாகப் போகலாம் என்றார் டாக்டர். இவர் முகத்தில் அதற்கு வெளிச்சம் எதுவும் வரவில்லை.

கார் நிறுத்தும் இடத்துக்கு வந்து ஏறி உட்கார்ந்தோம். சாவியைப் போட்டவர் வண்டியை எடுக்கவில்லை.

"டீம்ல சொல்லணும்," என்றார். "நீ விட மாட்டேன்னு சொல்லிட்டதா சொல்லிக்கட்டுமா?"

மறைத்தது போதும், உள்ளதைச் சொல்லுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மகளுக்கு இன்னும் படிப்பு பாக்கி இருக்கிறது. வீட்டுக் கடன் இருக்கிறது. அவர் கை ஸ்டியரிங்கின் மேல் அசையாமல் கிடந்தது.

"சொல்லிக்கோங்க," என்றேன்.

அவருக்கு மேலதிகாரி அவரைவிட ரொம்ப இளையவர். போன் போட்டதும் காரின் ஸ்பீக்கரில் அந்தப் பையனுடைய குரல் கணீரென்று வந்தது. இவர் இந்தியில் ஆரம்பித்தார். பிரஷ்ஷை அறுத்தது வரைக்கும் கலகலப்பாகச் சொல்லி, வீட்டம்மா உத்தரவு கிடைக்கவில்லை, ரொம்பக் கறார், என்ன செய்வது என்று முடித்தார். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. மேடம் என்றால் உங்களுக்கு அவ்வளவு பயமா சார், நாங்கள் வந்து பேசிப் பார்க்கட்டுமா என்றார் அவர். இவரும் சிரித்தார். சிரிப்பு நெஞ்சில் போய்த் தட்டி, உள்ளே அந்த இழுப்புத் தொடங்கியது. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். கையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

எங்கள் சத்தம் அந்தப் பக்கம் போகாதபடி, நான் கை நீட்டித் திரையில் மைக் படம் போட்டிருந்த பொத்தானை அழுத்தினேன். அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு இருமினார். "ஹலோ சார்? சார், கேட்கிறதா?" என்று அந்தப் பையன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். என் கணவர் இருமி முடித்து, கண்ணைத் துடைத்து, தலையை ஆட்டும்வரை நான் அந்தப் பொத்தானைத் திரும்ப அழுத்தவில்லை.