பம்பு அண்ணன்

ஸ்குரூடிரைவரின் நுனியை எஞ்சின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடியிருக்கிறார் மெக்கானிக். யாராவது வாயைத் திறந்தால் இடது கை உயரும். அரை நிமிடத்தில் தீர்ப்பு வரும்: "பம்பு போச்சு." எஞ்சின் ஓடாத வண்டிக்கும் இதே சடங்குதான். வைப்பர் அசையவில்லை என்று வந்தவரிடமே ஒருமுறை பம்பைச் சொன்னவர். பட்டறையில் அவருக்குப் பம்பு அண்ணன் என்று பெயர் வந்தது இப்படித்தான்.

சட்டைப் பையில் எப்போதும் சீப்பு இருக்கும். சீவுவதற்கு முடிதான் இல்லை. தப்பு செய்ததாக அவர் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. போல்ட் உடைந்தால் இரும்பு மட்டம். விரல் நசுங்கினால் வெளிச்சம் போதாது. ஸ்கூட்டரை அவரிடம் விட்டுவிட்டு மூன்று நாளாக ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவன் சொல்கிறேன், நம்பலாம்.

அன்று வந்து நின்றது சொந்தத் தங்கச்சியின் கிழட்டு லாரி. செடி, மரக்கன்று ஏற்றிப் போவது அவள் பிழைப்பு. வண்டி கால் மணி நேரம் ஒழுங்காக ஓடும், மேடு வந்ததும் இருமி நின்றுவிடும். மூன்று வாரமாக இதே கூத்து. அண்ணன் அதற்குள் இரண்டு பெட்ரோல் பம்பு மாற்றியாயிற்று.

"மூணு மணிக்குள்ள லோடு மலை மேல போகணும்ணே. இன்னிக்கும் நின்னுச்சுன்னா எதிர்ப் பட்டறைக்குத் தள்ளிட்டுப் போயிடுவேன்."

அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. தங்கச்சி கோபித்துக்கொண்டு போனால்கூட அவர் தாங்குவார். லாரி சாலையைக் கடந்து எதிரே போவதைப் பார்த்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

ஸ்குரூடிரைவரை வைத்துவிட்டு, தூசி தட்டி ஒரு பிரஷர் மீட்டரை எடுத்தார். அதைப் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே மாட்டி எஞ்சினை ஓடவிட்டார். முள் ஐந்தில் நின்றது. கால் மணியில் மூன்று, பிறகு ஒன்று. லாரி இருமியது.

"பாத்தியா, பம்பு..."

"பெட்ரோல் இருக்கான்னு முதல்ல பாக்கறேன்," என்று தங்கச்சி டேங்க் மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று டேங்க் காற்றை உறிஞ்சியது. முள் விறுவிறுவென்று ஐந்துக்கு ஏறியது.

அவள் மூடியைத் திருப்பிப் பார்த்தாள். "இதுல ஓட்டையே இல்லண்ணே. காத்து உள்ள போகலன்னா பெட்ரோல் எப்படி வெளிய வரும்? இத யாரு போட்டது?"

யார் போட்டது என்று எனக்கும் தெரியும்; போன மாதம் பிரேக் சரிபார்க்க வந்தபோது கண்ணால் பார்த்தது. பழைய மூடி தொலைந்தபோது தகர டப்பாவைக் கிளறி, வேறு வண்டியின் மூடியை எடுத்து, "கச்சிதமா உக்காருது பாரு" என்று திருகியவர் அண்ணன்தான். நான் அவசரமாகக் கூரையைப் பார்த்தேன்.

அண்ணன் வாயைத் திறந்தார். இரும்பும் வரவில்லை, வெளிச்சமும் வரவில்லை. மூடியை வாங்கிக்கொண்டு உள்ளே போய், கழுவித் துடைத்து, கை டிரில்லால் ஊசி அளவுக்கு ஒரு துளை போட்டார். வாய் வைத்து ஊதிப் பார்த்தார். தங்கச்சிக்குச் சாவியைக்கூடத் தூக்கித்தான் போடுகிற மனிதர், நடந்து வந்து, மூடியை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.