மூன்று நிமிஷத் தட்டு

ஈயம் உருகும் புகை மூக்கில் ஏறினால் போதும், எந்த ரேடியோக் கடை வாசலானாலும் என் கால் நின்றுவிடுகிறது. எனக்கு ஏழு வயசாகிவிடுகிறது. மயிலாப்பூர் வீட்டின் சாமான் அறையில், வேர்வை சொட்டச் சொட்ட, சித்தப்பா ஒயர் பற்றவைத்துக்கொண்டிருக்கிறார்.

அத்தைக்குக் கல்யாணமாகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. நாகபுரியிலிருந்து புக்ககத்துக் கடிதம் வந்தது. எங்காத்துப் பெண்கள் பாடுகிற வழக்கமில்லை என்று அதில் ஒரு வரி. பாட்டே மூச்சாக வளர்ந்தவள் அத்தை. அவளுக்கு அண்ணாவான சித்தப்பா கடிதத்தைப் படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் ஒரு குதிரைவண்டி நிறைய இரும்பு வந்து இறங்கிற்று. சண்டை முடிந்து பட்டாளம் கழித்துப்போட்ட, இசைத்தட்டில் குரலை வெட்டிப் பதிக்கும் இயந்திரம். ஒரு மைக். கறுப்புப் பூச்சுப் பூசிய வெற்றுத் தட்டு ஒன்று. பட்டணமெல்லாம் அலைந்தும் இரண்டாவது தட்டு அகப்படவில்லை. ஊசி கீறினால் கீறினதுதான், அழிக்க வழியில்லை. மூன்று நிமிஷம் பிடிக்கும். அந்த மூன்று நிமிஷத்தில் அத்தையின் பாட்டு எங்கள் வீட்டில் தங்கியாக வேண்டும். அவள் புக்ககத்துக்கு ரயிலேற எட்டு நாள் இருந்தது.

தெருச் சத்தத்தை வெளியே நிறுத்தச் சுவர் முழுக்கக் கோணி அடித்தார் சித்தப்பா. கோணிக்குப் பின்னால் திணிக்க இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளைக் கிழித்தார். "சுவத்துக்கு என்ன, குளிர் ஜுரமா?" என்றாள் அம்மா. அவர் காதில் அது விழவில்லை. ஆபீஸுக்கு லீவு. சாப்பாடு நின்றபடி. ஏழாம் நாள் எல்லாம் பூட்டி ஹெட்போனைக் காதில் வைத்தால், பெட்டிக்குள் வண்டு புகுந்தாற்போல் ஒரே உறுமல். பிரித்தார், மறுபடி பூட்டினார். மறுபடியும் உறுமல். கடைசியில் ராயப்பேட்டையிலிருந்து ஒயரிங் வேலை செய்கிற பாய் ஒருவர் வந்து டார்ச் அடித்துப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சாமி, கரண்டு ஒயரும் மைக் ஒயரும் புதுசாக் கண்ணாலம் கட்னா மாதிரி ஒட்டிக்கினு கீது! பிரிச்சு வுடு, தானா அடங்கும்."

பிரித்ததும் அடங்கிற்று.

மறுநாள் மத்தியானம். சாயங்காலம் ரயில். மைக்கின் முன் உட்கார்ந்த அத்தைக்கு வாய் திறக்கவில்லை. "இந்த டப்பாவைப் பாத்துண்டு எப்படிப் பாடறது? கொழந்தை எதிர்ல உக்காரட்டும்" என்றாள். அசையக் கூடாது, பேசக் கூடாது என்று மூன்று முறை சத்தியம் வாங்கிக்கொண்டு என்னை உட்காரவைத்தார் சித்தப்பா.

தட்டு சுழன்றது. அத்தை பாடினாள். ஊசியடியிலிருந்து கறுப்பு நூல் சுருள்சுருளாகக் கிளம்பி வந்தது; அவள் குரலையே யாரோ இழை பிரித்து வெளியே போடுவதுபோல. பார்த்துக்கொண்டே இருந்தேன். அசையவில்லை. பேசவில்லை. தும்மினேன்.

"நூறு!" என்றாள் அத்தை, பாட்டின் நடுவிலேயே.

எங்கள் வீட்டில் குழந்தை தும்மினால், பக்கத்தில் இருக்கிற பெரியவர் என்ன செய்துகொண்டிருந்தாலும் நூறு சொல்லியாக வேண்டும். குழந்தைக்கு நூறு வயசு. பஞ்சுத் தூசி விடுமா? இரண்டாவதும் வந்தது. "இருநூறு!" என்றவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையை மீறிச் சிரிப்பு வந்தது. தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய, மூச்சு வாங்கிச் சிரித்தாள். சித்தப்பாவின் விரல் சுவிட்சின் மேல் இருந்தது. ஏனோ அவர் அமுக்கவில்லை. தட்டு தீருகிற வரைக்கும் அவள் சிரித்தாள்.

நான் அழுதுகொண்டே ஸ்டேஷனுக்குப் போனேன். மாப்பிள்ளை பெட்டி படுக்கைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, பெங்களூரில் தட்டு கிடைக்குமாம், தீபாவளிக்கு வரும்போது முழுசாகப் பாடிவிடலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். விசில் ஊதிவிட்டார்கள். அத்தை சொன்ன பதில் என்னைத் தேற்றுவதற்கான வேடிக்கை என்று நினைத்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். அந்த நாகபுரி வீட்டில் பாட்டுக்கு மட்டும்தான் தடை என்று எண்ணிக்கொண்டிருந்த வயசு.

"பாட்டு கெடக்கட்டும், அண்ணா. சிரிச்சிருக்கேனே, அதை ஒடையாம வெச்சுக்கோ."